கொலுசு பின்றது டைம்பாஸா?

குரோஷா ஊசியால பின்னி, நடுநடுவே குட்டி மணி கோத்த நூல் கொலுசு இப்போ எங்க புனே பக்கம் நல்லாவே ஓடுது. காலேஜ் பொண்ணுங்க ஒத்தைக் கால்ல கட்டிக்கறாங்க. நவராத்திரி சமயத்துல கர்பா ஆடப் போறவங்க பாவாடைக்கு மேட்சா கலர் சொல்லிக் கேக்கறாங்க. நம்ம தமிழ்க் குடும்பங்க குழந்தைக்குக் கேக்கறாங்க. வெள்ளிக் கொலுசு குத்துதாம், பூங்காவுல தொலைஞ்சா வயிறு வேற எரியும். எல்லாம் சரிதான். ஆனா வாங்க வர்றவங்க தவறாம சொல்ற ஒரு வாக்கியம் இருக்கே, அதைத்தான் தாங்க முடியல. "வீட்டுல சும்மா இருக்கற நேரத்துல பண்றதுதானே, நூறு ரூபா போட்டுக் குடுங்களேன்!"

இந்த "சும்மா"ங்கற வார்த்தையே விலையைக் குறைக்கறதுக்குன்னு கண்டுபிடிச்சதுங்கறது என் கட்சி.

எங்க வீட்டுல பின்றது தங்கமணி. மணி கோக்கற டிபார்ட்மெண்ட் அடியேனுது :-) அதனால வேலை எனக்கும் கொஞ்சம் தெரியும். பின்ன ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே மணி எல்லாத்தையும் நூல்ல கோத்துடணும். ஒரு காலுக்குப் பதினஞ்சுன்னா பதினஞ்சும். பாதியில ஒண்ணு குறைஞ்சா நூலை வெட்டணும், இல்லேன்னா கடைசியில தனியாத் தைக்கணும், அது தொங்கற தொங்கல்லயே காட்டிக் கொடுத்துடும். அப்புறம் கணுக்கால் அளவுக்குச் சங்கிலி. அதுமேல ஒரு வரிசை நெருக்கமான பின்னல். மூணு கண்ணுக்கு ஒரு தடவை மணியை ஊசி வரைக்கும் தள்ளிக்கிட்டு வந்து கண்ணுக்குள்ள பூட்டணும். மணி எப்பவும் பின்னலோட முதுகுப் பக்கம்தான் போய் உக்காரும், அதனால எது வெளிப்பக்கம்னு தலைகீழா யோசிச்சுக்கிட்டே பின்னணும். ஒரு கண் விட்டுப்போச்சுன்னா பிரிச்சுட்டு மறுபடியும். கடைசியில பட்டன், அதுக்கு ஒரு காது.

மணி வாங்கறதே தனி வேலை. ரவிவார் பேட்டுல கடைக்காரர் பித்தளைன்னு சொல்லித்தான் எல்லாத்தையும் குடுப்பார். பாக்கெட்டுல காந்தம் வெச்சுக்கிட்டுப் போங்க. காந்தத்துல ஒட்டினா அது முலாம் பூசின இரும்பு, நாலு தடவை நனைஞ்சா வெள்ளை நூல்ல துருக்கறை. (தவழற குழந்தைக்கு மணி வெச்சதே வேண்டாங்க. கழண்டா நேரா வாய்க்குத்தான் போகும். எவ்வளவு கேட்டாலும் தங்கமணி அந்த வயசுக்கு மணி இல்லாமத்தான் பின்னித் தருவா.)

ஆக ஒரு ஜோடிக்கு நாலு மணி நேரம். நூல், மணி, பட்டன் எல்லாம் சேர்த்து 70 ரூபா. நாங்க வெச்ச விலை 250. மிச்சம் 180, மணிக்கு 45 ரூபா. இங்க ஒரு வடாபாவும் டீயும் சாப்பிடலாம். இதைப் பேரம் பேசி நூறாக்கச் சொல்றவர் யாருன்னு நினைக்கறீங்க? கிளையண்டுக்கு மணிக்கணக்குல டாலர்ல பில் போடற கம்பெனியில வேலை பாக்கற நம்ம ஆளுதான்.

"ஆன்லைன்ல 99க்கு வருதே"ன்னு அடுத்த அஸ்திரம். இங்கதான் பல பேருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கு. ஸ்வெட்டர் பின்ன மெஷின் உண்டு, லேஸ் போட மெஷின் உண்டு. ஆனா அசல் குரோஷாவை நாம வாங்கற அளவுக்குப் பின்னித் தள்ளற மெஷின் இன்னிக்கு வரைக்கும் கிடையாது. பாக்க அதே மாதிரி இருக்கற மெஷின் சரக்கு நிறைய இருக்கு. சந்தேகமா இருந்தா பழசு ஒண்ணை எடுத்து, கடைசி முடிச்சை அவிழ்த்து நூலை இழுத்துப் பாருங்க. அசலா இருந்தா ஒவ்வொரு கண்ணா, ஒரே நூலா அவிழ்ந்துக்கிட்டே வரும். அப்படி வந்துச்சுன்னா அதை ஒருத்தர் கையாலதான் பின்னியிருக்கார். 99 ரூபாயில கடைக்காரர், கூரியர், நூல் போக அந்தக் கைக்கு என்ன போயிருக்கும்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

அந்தக் கைங்க எங்க இருக்குன்னும் ஓரளவு தெரியும். ஆந்திராவுல மேற்கு கோதாவரி பக்கம் நரசாபுரம். அங்க மிஷனரிகள் கொண்டு வந்த குரோஷா, தலைமுறை தலைமுறையா வீட்டுத் திண்ணையில நடக்குது. வியாபாரி நூலைக் குடுப்பார், ஒருத்தி பூ மட்டும் பின்னுவா, இன்னொருத்தி அதையெல்லாம் இணைப்பா, சரக்கு கடல் தாண்டிப் போகும். மரியா மீஸ்னு ஒரு ஜெர்மன் சமூகவியல் அறிஞர் அங்கயே தங்கி ஆராய்ச்சி பண்ணி 1982ல ஒரு புத்தகமே போட்டாங்க. அதோட சாரம் என்னன்னா, அந்தப் பெண்களை எல்லாரும் குடும்பத் தலைவி, ஓய்வு நேரத்துல ஏதோ பின்றாங்கன்னு சொன்னதாலதான் கூலி அவ்வளவு கீழே கிடந்துச்சு. அதே "சும்மா"! 2024ல நரசாபுரம் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிடைச்சுது. சந்தோஷம். பேருக்கு மரியாதை வந்தாச்சு, கூலிக்கும் வரட்டும்.

நம்ம நாகர்கோவில்லயும் இதுக்கு ஒரு பங்காளிக் கதை உண்டு. 19ஆம் நூற்றாண்டு ஆரம்பத்துல மார்த்தா மால்ட்ங்கற மிஷனரி அம்மா அங்க பொண்ணுங்களுக்கு லேஸ் கத்துக் குடுத்தாங்க. அது குரோஷா இல்ல, தலையணையில குண்டூசி குத்தி நூல் கட்டைகளை மாத்தி மாத்திப் போடற வேற வகை. ஆனா அங்க அதைப் பொழுதுபோக்குன்னு யாரும் நினைக்கல, வித்துக் காசு வந்துச்சு. அயர்லாந்துல 1840கள்ல உருளைக்கிழங்குப் பஞ்சம் வந்தப்போ எத்தனையோ குடும்பத்துக்குக் கஞ்சி ஊத்தினது இதே குரோஷா ஊசிதான்.

இதுல எனக்குப் புரியாதது ஒண்ணே ஒண்ணு. ஊருக்குப் போறப்போ தி.நகர்ல வெள்ளிக் கொலுசு வாங்கறோம். பில்லுல செய்கூலின்னு ஒரு வரி இருக்கும், சேதாரம்னு இன்னொண்ணு இருக்கும். கொஞ்சம் முனகிட்டுக் கட்டிடறோம். சேலத்துல எங்கயோ ஒரு பட்டறையில ஒருத்தர் பத்த வெச்சு மணி கோத்ததுக்குக் காசு கேக்கறது நியாயம்னு நமக்குத் தெரியும். நூல் கொலுசுல வெள்ளியும் இல்ல, சேதாரமும் இல்ல. அது கிட்டத்தட்ட முழுக்க முழுக்கச் செய்கூலி மட்டும்தான். அதை மட்டும் எப்படிங்க தள்ளுபடி கேக்கத் தோணுது?

சொந்தக்காரங்க இன்னும் ஒரு படி மேல. "என் பேத்திக்கு ரெண்டு ஜோடி போட்டு அனுப்பு"ன்னு போன்ல ஆர்டர், கூரியர் செலவும் நம்ம தலையில. மாமியாரா இருந்தாலும் நூல் காசாவது கேளுன்னு தங்கமணிகிட்ட சொல்லியிருக்கேன். (எந்த மாமியார்னு கேக்காதீங்க.)

போன மாசம் விலையை 400 ஆக்கிட்டோம். பேரம் பேசறவங்க பாதிப் பேர் காணோம். மிச்சம் இருக்கறவங்க விலை கேக்கறதில்ல, எந்தக் கலர் நூல் இருக்குன்னு கேக்கறாங்க. இப்ப கைவசம் மூணு ஜோடி ஆர்டர், கறுப்பு நூல் தீர்ந்துபோச்சு. சனிக்கிழமை ரவிவார் பேட் போகணும், காந்தத்தோட.