குடில்களில் உறங்கும் பிள்ளைகளுக்காக விழித்திருப்பது யார்?

2025ஆம் ஆண்டு ஜூலை 4, வெள்ளிக்கிழமை. அமெரிக்க ஐக்கிய நாட்டின் விடுதலை நாள். அன்று அதிகாலையில், டெக்சஸ் மாநிலத்தின் குவாடலூப்பே ஆறு கரைபுரண்டது. 45 நிமிடங்களில் ஏறக்குறைய 26 அடி உயர்ந்தது தண்ணீர் என்று அதிகாரிகள் அறிவித்தனர். ஆற்றங்கரையில் 1926ஆம் ஆண்டு முதல் நடந்து வந்த 'கேம்ப் மிஸ்டிக்' என்னும் கிறிஸ்தவ சிறுமியர் கோடைமுகாமில், குடில்களில் தங்கியிருந்த 25 சிறுமிகளும் அவர்களைக் கவனித்துக்கொண்ட இரண்டு இளம்பெண்களும் இறந்தனர். அவர்களுள் பலர் எட்டு, ஒன்பது வயதுக் குழந்தைகள். காப்பாற்றப் போன முகாம் இயக்குநரும் உயிர் இழந்தார். இரு நாள்களுக்குப்பின், ஞாயிறு மூவேளைச் செபத்தின்போது, திருத்தந்தை 14ஆம் லியோ அக்குழந்தைகளின் குடும்பங்களுக்குத் தம் ஆறுதலைத் தெரிவித்தார்.

இது இயற்கையின் சீற்றம்தானே, யார் என்ன செய்ய முடியும் என்று நாம் கேட்கலாம். ஆனால் அந்த இரவின் நேரக்கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம். திடீர் வெள்ள எச்சரிக்கையை அந்நாட்டு வானிலைத்துறை விடுத்தது அதிகாலை 1.14 மணிக்கு. அதற்கு இரு நாள்கள் முன்னர், ஜூலை 2இல், மாநில ஆய்வாளர்கள் முகாமுக்கு வந்து, அவசரகாலத் திட்டம் இருக்கிறது என்று பதிவு செய்துவிட்டுப் போயிருந்தார்கள். எச்சரிக்கை இருந்தது, திட்டமும் இருந்தது. எந்த நிமிடத்தில், யார் முடிவெடுத்து, யாரை, எந்த மேட்டுக்கு அழைத்துச் செல்வது என்பதுதான் அந்த இருட்டில் தேவைப்பட்டது. 2025 நவம்பரில் பெற்றோர் பலர் நீதிமன்றம் சென்றனர். அவர்கள் கேட்டதன் சாரமும் இதுவே.

இதே ஆற்றில் இன்னொரு துயரமும் உண்டு. 1987 ஜூலை 17இல், ஒரு திருச்சபை இளையோர் குழு முகாமை விட்டு அவசரமாகப் புறப்பட்டது. பேருந்தும் வேனும் வெள்ளத்தில் சிக்கின. பிள்ளைகள் கைகோத்துக் கரையேற முயன்றனர். பத்து பேர் அடித்துச் செல்லப்பட்டனர். அன்று கிளம்பியவர்கள் இறந்தார்கள். 2025இல் தங்கியவர்கள் இறந்தார்கள். ஆகவே 'எது வந்தாலும் கிளம்பிவிடுவோம்' என்பதும் திட்டமல்ல, 'அறையிலேயே இருங்கள்' என்பதும் திட்டமல்ல. அந்த இடத்தின் மேடு பள்ளத்தைப் பகலிலேயே நடந்து பார்த்தவருக்குத்தான் எது சரி என்று தெரியும்.

நம் பங்குகளுக்கு வருவோம். மே மாதம் வந்தால் இளையோர் குழு ஏற்காட்டுக்கோ கொடைக்கானலுக்கோ புறப்படும். வாகனம், சமையல்காரர், பாடல் தாள், டி-சர்ட் நிறம், திருப்பலிக்கு வரும் தந்தை என்று எல்லாம் மூன்று கூட்டங்களில் பேசி முடிக்கப்படும் (டி-சர்ட்டுக்கே ஒரு கூட்டம் போய்விடும்!). 2024 மே 7இல் மலைப்பகுதிகளுக்கு இ-பாஸ் முறை வந்தபோது அதையும் கற்றுக்கொண்டோம். ஆனால் இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தபின் நடப்பது எந்தக் கூட்டத்திலும் பேசப்படுவதில்லை. குடிலுக்கு எத்தனை வாசல்? பக்கத்தில் ஓடை உண்டா? வாகனம் அங்கேயே நிற்குமா, ஓட்டுநர் வீட்டுக்குப் போய்விடுவாரா? அருகிலுள்ள மருத்துவமனை எத்தனை கிலோமீட்டர்?

கைப்பேசி விடயம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. முகாமில் முதல் வேலையாக எல்லாக் கைப்பேசிகளையும் ஒரு பெட்டியில் வாங்கி வைக்கிறோம். செபத்துக்கும் நட்புக்கும் அது நல்லதே. டெக்சஸ் முகாமிலும் சிறுமிகளுக்குக் கைப்பேசி அனுமதி இல்லை. ஆனால் பெரியவர்களுள் ஒருவருடைய கைப்பேசியாவது இரவு முழுவதும் ஒலியோடு இருக்க வேண்டும், சிக்னல் கிடைக்கும் இடத்தில் இருக்க வேண்டும். அதை வைத்திருப்பவர் முறைவைத்து விழித்திருக்க வேண்டும். இருபது வயது இளைஞர் ஒருவரிடம் 'பார்த்துக்கோ தம்பி' என்று சொல்லிவிட்டு நாம் உறங்கப் போவது சரியல்ல.

2018 மார்ச் 11இல் தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீ பரவியபோது, மலையேறச் சென்றவர்களில் 23 பேர் இறந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதன்பிறகு தமிழக அரசு மலையேற்றத்துக்கு விதிகள் வகுத்தது. டெக்சஸ் அரசும் 2025 செப்டம்பரில் சட்டம் இயற்றி, வெள்ள அபாயப் பகுதியில் முகாம் குடில்கள் இருக்கக் கூடாது என்றது. பணியாளருக்கும் பிள்ளைகளுக்கும் பயிற்சி கட்டாயம் என்றது. சட்டங்கள் வருவது எப்போதும் அடக்கச் சடங்குக்குப் பின்புதான்.

அடுத்த முகாமுக்குப் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கும் தாளில், கட்டணத்துக்குக் கீழே இரண்டு வரிகள் சேர்க்கலாம்: பிள்ளைகள் உறங்கும் இடம் எது, இரவில் விழித்திருக்கும் இருவர் யார், அவர்களுடைய எண் என்ன. சென்று சேர்ந்த அன்று மாலை, பொழுது இருட்டுமுன், பிள்ளைகள் அனைவரையும் படுக்கையிலிருந்து மேட்டுக்கு ஒருமுறை நடத்திக் கூட்டிச் செல்லலாம். பத்து நிமிடம் ஆகும். அதற்கு அப்புறம் தீமூட்டிப் பாட்டுப் பாடலாம்.