கருவி விளக்கத்திற்கும் நன்னூல் வேண்டும்

தெளிவில்லாக் கட்டளை இட்டால் தொழிலாளி திரும்பிக் கேட்பான், "எந்தத் துறைமுகம்? எத்தனை டன்?" என்பான். கணினி நிரல்களை எழுதவும் இயக்கவும் இன்று அமர்த்தப்பெறும் செயற்கை நுண்ணறிவு முகவர்களோ பெரும்பாலும் அவ்வாறு கேட்பதில்லை. தமக்குத் தரப்பெற்ற கருவிகளின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் பட்டியல் ஆகியவற்றைப் படித்தே, இன்ன பணிக்கு இன்ன கருவி என்று தாமே தெரிந்துகொள்கின்றன. கருவியின் உள்ளே நடப்பதை அவை காண்பதில்லை. ஆகவே, விளக்கம் தவறினால் வினையும் தவறும்.

இத்துணை இன்றியமையாத விளக்கத்தைத்தான் பலர், பணியெல்லாம் முடிந்தபின் ஒற்றை வரியில் கிறுக்கிவிடுகின்றனர். தெளிவுற எழுதுதல் தமிழர்க்குப் புதிய பாடம் அன்று. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தியார் தம் நன்னூற் பாயிரத்திலேயே நூலுக்கு ஆகாத குற்றங்கள் பத்து என வகுத்துரைத்தார். அவற்றுட் சிலவற்றை வடசென்னைத் துறைமுகப் பகுதியில் வைத்துப் பார்த்தாலே அப்பகுப்பின் அருமை விளங்கும்.

"துறைமுகத்திற்கு வருங் கப்பல்களைக் காட்டும்" என ஒரு கருவிக்கு விளக்கம் இருப்பதாகக் கொள்க. எந்தத் துறைமுகம்? சென்னைத் துறைமுகம் ஒன்று. எண்ணூரில் 2001இல் திறக்கப்பெற்றது ஒன்று. அதனையடுத்து வடக்கே காட்டுப்பள்ளியில் ஒன்று. காசிமேட்டு மீன்பிடி துறைமுகம் வேறு. போதாக்குறைக்கு, எண்ணூர்த் துறைமுகம் 2014இல் காமராசர் துறைமுகம் எனப் பெயர் பெற்றது. இரண்டும் ஒன்றே என்று சொல்லாத விளக்கம், ஒரு துறைமுகத்தை இரண்டாகக் காட்டும். இதுவே மயங்க வைத்தல்.

"சரக்குப் பெட்டகங்களின் எண்ணிக்கையைத் தரும்" என்பது மற்றொரு விளக்கம். நாற்பதடிப் பெட்டகம் ஒன்று, இருபதடிக் கணக்கில் இரண்டாக எண்ணப்பெறும். கருவி தருவது எந்தக் கணக்கு? டன் என்பதும் அத்தகையதே. மெட்ரிக்கு டன் 1000 கிலோ; பழைய ஆங்கிலேய டன் ஏறத்தாழ 1016 கிலோ; அமெரிக்க டன் ஏறத்தாழ 907 கிலோ. அலகைச் சொல்லாது விடுதல் குன்றக் கூறல். 1999இல் செவ்வாயை நெருங்கிய அமெரிக்க விண்கலம் ஒன்று அழிந்ததும் அலகு மாறியதால்தான். ஒரு குழுவின் நிரல் ஆங்கிலேய அலகில் தந்த எண்ணை, மற்றொரு குழு மெட்ரிக்கு அலகென்று கொண்டது.

குறையை அஞ்சி எல்லாவற்றையும் கொட்டுவதும் தீர்வன்று. கருவி தோன்றிய கதையும் ஆக்கியோர் பெருமையும் எழுதி நிரப்புதல் மிகைபடக் கூறல், மற்றொன்று விரித்தல். முகவர் ஒருங்கே கொள்ளத்தக்க உரைக்கு அளவுண்டு. வெற்றுரை பெருகின் வேண்டும் உரை அமிழ்ந்துபோகும்.

பின் எவ்வாறு எழுதுவது? இவ்வாறு எழுதலாம்: "காமராசர் துறைமுகத்திற்குக் குறித்த நாளில் வரவிருக்குங் கப்பல்களைக் காட்டும். எண்ணூர்த் துறைமுகம் என்பதும் இதுவே. நாளை ஆண்டு, திங்கள், நாள் எனும் வரிசையில் தருக. சரக்கின் எடை மெட்ரிக்கு டன்னில் வரும். பிற துறைமுகங்களுக்கு இதனைப் பயன்படுத்தற்க. கப்பல் இல்லையேல் வெறும் பட்டியல் வரும், அது பிழையன்று." ஆறே தொடர்கள்! செய்வது, செய்யாதது, வேண்டுவது, தருவது அனைத்தும் அடங்கின.

இது வெறும் எழுத்தாண்மைச் செய்தி அன்று. 2023 திசம்பர் 26ஆம் நாள் இரவு, எண்ணூர்ப் பெரியகுப்பத்தை ஒட்டிய கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, உறங்கிக் கொண்டிருந்த மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு ஓடினர். பலர் மருத்துவமனையிற் சேர்க்கப்பெற்றனர். அது நிரலால் நேர்ந்தது அன்று. ஆயினும், குழாயும் கொள்கலனும் நெருங்கிய அம்மண்ணில், குழாய்த் திறப்பின் நிலையைக் காட்டுங் கருவிக்கும் அத்திறப்பையே மாற்றுங் கருவிக்கும் வேறுபாடு தோன்ற எழுதாதவன், பிறர் உயிரோடு விளையாடுபவன் ஆவான்.

ஒரு பொருளை ஓரிடத்திற் பெட்டகம் என்றும், வேறோரிடத்திற் பெட்டி என்றும், பிறிதோரிடத்திற் கண்டெய்னர் என்றும் எழுதுவோர், ஒன்றை மூன்றாக்குகின்றனர். ஒரு பொருட்கு ஒரு சொல் என்னும் ஒழுங்கு, மொழிக்கு மட்டுமன்றிப் பொறிக்கும் காப்பாகும்.

ஆங்கிலத்தில் எழுதினால் முகவர்க்கு எளிதென்பர் சிலர். இன்றைய பொறிகள் பலவற்றுள் தமிழ் உரை மிகுதியான துண்டுகளாக வெட்டப்படுவதும், அதனாற் செலவு கூடுவதும் உண்மையே. ஆனால் பணியறிவு யாரிடம் உள்ளது? இராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் அப்பணியைச் செய்வாரிடம் உள்ளது. அவர்கள் அதனைப் பேசுவது தமிழில். அவர் படித்துப் பிழை திருத்தவியலாத விளக்கம் எம்மொழியில் இருந்தென்ன? முதலிற் பணியறிந்தவர் தமிழில் எழுதட்டும். பிறமொழி வேண்டுமாயின் அதனின்று பெயர்க்கட்டும்.

கணினித் துறையில் உள்ள தமிழிளைஞர் நன்னூற் பாயிரத்தை மேசைமேல் வைத்துக் கொள்க. குன்றாமலும் மிகாமலும் மயங்காமலும் எழுதுக. எழுதியதைப் பணியாளர் ஒருவர்க்குப் படித்துக் காட்டுக. அவர் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும், விளக்கத்தில் விடுபட்ட ஒரு தொடர்!