கொடிக்கம்பம் யாருடையது?

2025 மே 6. அமெரிக்காவின் யூட்டா மாநிலத் தலைநகரான சால்ட் லேக் சிட்டிக்கு அன்று வரை இருந்தது ஒரே ஒரு கொடிதான். நகரமன்றம் கூடிக் கலைந்தபோது மொத்தம் நாலு கொடி!

ஏன் இந்த அவசரம்? மறுநாள் மாநிலத்தின் புதிய சட்டம் ஒன்று அமலுக்கு வர இருந்தது. அரசுக் கட்டடங்களிலும் அரசுப் பள்ளிகளிலும் பட்டியலில் உள்ள கொடிகளை மட்டுமே வைக்கலாம். மீறினால் நாளொன்றுக்கு 500 டாலர் அபராதம். தேசியக் கொடி, மாநிலக் கொடி, ராணுவக் கொடிகள், வெளிநாட்டுக் கொடிகள், ஏன், ஒலிம்பிக் கொடிக்குக்கூட அந்தப் பட்டியலில் இடம் உண்டு. தன்பாலீர்ப்பாளர்களும் திருநர்களும் தங்களுடையதாகக் கொண்டாடும் வானவில் கொடிக்கு இல்லை.

ஆனால் 'நகரத்தின் கொடி' பட்டியலில் இருந்தது. மேயர் எரின் மெண்டன்ஹால் அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டார். வானவில் கொடி, திருநர் கொடி, அடிமைமுறை ஒழிந்ததைக் கொண்டாடும் ஜூன்டீன்த் கொடி மூன்றிலும் நகரத்தின் அடையாளமான சீகோ லில்லிப் பூவைச் சேர்த்தார்கள். மூன்றும் நகரத்தின் அதிகாரப்பூர்வக் கொடிகள் ஆயின. அதே நாளில், அதே மாதிரிச் சட்டம் வந்திருந்த பக்கத்து மாநிலம் ஐடஹோவில், தலைநகர் பாய்ஸியின் நகரமன்றமும் வானவில் கொடியை நகரத்தின் கொடியாக அறிவித்தது.

இது சட்டத்துக்குத் தண்ணி காட்டும் வேலை என்று கோபப்பட்டவர்கள் உண்டு. அவர்கள் தரப்பிலும் ஒரு நியாயம் இருக்கிறது. எல்லோருடைய வரிப்பணத்திலும் நட்ட கம்பம், ஒரு சாராரின் கொடியை ஏந்தலாமா? இன்று இது என்றால் நாளை எது?

இந்தக் கேள்விக்கு ஓரளவு பதில் 2022-லேயே வந்துவிட்டது. பாஸ்டன் மாநகராட்சி 2005 முதல் 12 வருடம், கேட்டவர்களுக்கெல்லாம் தன் கம்பத்தைக் கொடுத்தது. மொத்தம் 284 நிகழ்ச்சிகள். 2017-ல் ஒரு கிறிஸ்தவக் கொடிக்கு மட்டும் முடியாது என்றது. உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அது தவறு என்றார்கள். கம்பத்தை ஊருக்கே திறந்துவிட்டால் ஆள் பார்த்துக் கொடுக்கக்கூடாது. ஆனால் அரசு தன் சொந்தக் குரலாகக் கொடி ஏற்றினால், எந்தக் கொடி என்பதை அதுவே முடிவு செய்யலாம்.

ஆக, கேள்வி கொடியைப் பற்றியதே அல்ல. ஒரு ஊரின் குரல் யாருடையது? அந்த ஊர் மக்கள் ஓட்டுப் போட்டு அனுப்பிய நகரமன்றமா, வேறு ஊர்களிலிருந்து வந்து மாநில சட்டமன்றத்தில் உட்கார்ந்திருக்கும் பெரும்பான்மையா?

கலிஃபோர்னியாவின் ஹண்டிங்டன் பீச்சில் 2024 மார்ச்சில் இதே மாதிரி ஒரு கட்டுப்பாட்டை அந்த ஊர் வாக்காளர்களே கொண்டுவந்தார்கள். முடிவு பிடிக்காதவர்களுக்கு வருத்தம்தான். ஆனாலும் அது அந்த ஊரின் முடிவு, மனம் மாறினால் அவர்களே மாற்றிக்கொள்ளலாம். யூட்டாவில் நடந்தது அப்படி அல்ல. அங்கே ஆளுநர் ஸ்பென்சர் காக்ஸ்கூடக் கையெழுத்துப் போடவில்லை. மறுத்தாலும் சட்டமன்றம் மீறி நிறைவேற்றிவிடும் என்று தெரிந்ததால், கையெழுத்தில்லாமலே சட்டமாக விட்டுவிட்டார்.

நாளைக்கு ஏதோ ஒரு நகரமன்றம் மோசமான கொடியை ஏற்றினால்? ஏற்றலாம்தான். அதற்கு மருந்து அடுத்த தேர்தல். தலைநகரில் எழுதி அனுப்பும் பட்டியல் அல்ல.

'எல்லாக் கொடிக்கும் ஒரே விதி' என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தேசியக் கொடிக்கும் ஒலிம்பிக் கொடிக்கும் அந்த விதியால் ஒரு நஷ்டமும் இல்லை. நஷ்டம் முழுக்க ஒரே பக்கம் விழுந்தால் அது எப்படி நடுநிலை?

கில்பர்ட் பேக்கர் உருவாக்கிய முதல் வானவில் கொடிகள் 1978 ஜூன் 25-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஏறின. ஐந்து மாதம் கழித்து, தன்னைத் தன்பாலீர்ப்பாளர் என்று வெளிப்படையாகச் சொல்லி அந்த ஊரில் தேர்தலில் ஜெயித்த ஹார்வி மில்க், நகர மன்றக் கட்டடத்துக்குள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அப்படிப்பட்ட ஒரு கட்டடத்தின் மேல் அந்தக் கொடி பறப்பதற்கு ஒரே ஒரு அர்த்தம்தான்: 'இது உன் ஊரும்கூட.'

அதைச் சொல்ல ஒரு ஊர் விரும்பினால், வாயைப் பொத்துவதற்கு ஒரு சட்டம் தேவையா?