கேட்காமலே கிடைக்க வேண்டும்: மின்னணுப் பணத்தில் புழங்கும் சிறு வணிகர்கள், கடன் வாங்கியோரின் கோரிக்கைச் சாசனம்

இந்திய ரிசர்வ் வங்கிக்கும், ஒன்றிய நிதி, உள்துறை அமைச்சகங்களுக்கும், யுபிஐயை நடத்தும் என்பிசிஐக்கும், தமிழ்நாடு அரசுக்கும் இதை எழுதுகிறோம். நாங்கள் பூக்கட்டி விற்பவர்கள், தள்ளுவண்டியில் இட்லிக்கடை போட்டவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், பைக்கில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பவர்கள், மகளிர் குழுவில் கடன் எடுத்துத் தையல் மிஷின் வாங்கியவர்கள்.

2016 ஏப்ரலில் யுபிஐ வந்தது. அந்த ஆண்டே நவம்பர் 8 இரவில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாமல் போயின. சில்லறை இல்லாமல் வியாபாரம் படுத்த அந்த வாரங்கள் எங்களுக்கு இன்னும் மறக்கவில்லை. இப்போது எங்கள் வண்டிகளில் க்யூஆர் அட்டை தொங்குகிறது. பணம் வந்ததைச் சின்னப் பெட்டி ஒன்று சத்தமாகச் சொல்கிறது. 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் நாட்டில் 2,000 கோடிக்கும் மேற்பட்ட யுபிஐ பரிவர்த்தனைகள் நடந்தன. எங்கள் டீயும் முழம் பூவும் அந்தக் கணக்கில் உண்டு. 2020 ஜனவரி முதல் யுபிஐ வரவுக்கு வணிகரிடம் கட்டணம் பிடிக்கக் கூடாது என்று அரசு விதித்தது. அது இல்லையென்றால் பத்து ரூபாய் வியாபாரத்துக்கு இந்த அட்டையை நாங்கள் மாட்டியே இருக்க மாட்டோம். அதற்கு நன்றி. ரொக்கத்துக்கு மட்டும் திரும்பிப் போக வேண்டும் என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை.

எங்கள் குறை வேறு. எங்கள் பிள்ளைகளில் படித்தவர்கள் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளை எடுத்து, தமிழில் சொல்லிக் காட்டினார்கள். கேட்கக் கேட்க ஆச்சரியமாக இருந்தது. பிறகு கோபம் வந்தது. நாங்கள் வங்கி வாசலில் கெஞ்சிக் கேட்டதில் பாதி ஏற்கெனவே விதியாக இருக்கிறது!

2017 ஜூலையில் வகுத்த விதியைப் பாருங்கள். வங்கியின் பிழையும் இல்லாமல், வாடிக்கையாளரின் பிழையும் இல்லாமல், இடையில் யாரோ புகுந்து பணத்தை எடுத்தால், வங்கியின் தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் சொல்லிவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பே இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாளுக்குள் சொன்னால் சாதாரண சேமிப்புக் கணக்குக்காரருக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய், அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்காரருக்கு 5,000 ரூபாய் வரைதான் பொறுப்பு. சொன்ன பத்து வேலை நாளுக்குள் பணத்தைக் கணக்கில் திரும்ப வரவு வைக்க வேண்டும். 90 நாளுக்குள் விசாரணையை முடிக்க வேண்டும். வாடிக்கையாளரே கவனக்குறைவாக இருந்திருந்தாலும், அவர் புகார் சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. தவறு வாடிக்கையாளருடையது என்றால் அதை நிரூபிக்க வேண்டியதும் வங்கிதான்.

பணம் இழந்த எங்களில் ஓர் அம்மாவுக்குக் கவுண்டரில் கிடைத்த பதில்: "ஓடிபி நீங்கதானே சொன்னீங்க, நாங்க என்ன பண்றது?" ஓடிபி யாருக்கும் சொல்லவில்லை என்று அந்த அம்மா சத்தியம் செய்தார். பேச்சு அதோடு முடிந்தது. நிரூபிக்கும் பாரம் அவர் தலைக்கு வந்துவிட்டது. பத்து நாள் கணக்கு என்று ஒன்று இருப்பதை அவரிடம் யாரும் சொல்லவே இல்லை.

அதனால் எங்கள் முதல் கோரிக்கை இது: பாதுகாப்பு விதி எதுவாக இருந்தாலும் அது தானாக நடக்க வேண்டும். இதற்கு முன்மாதிரியை ரிசர்வ் வங்கியே வைத்திருக்கிறது. 2019 செப்டம்பரில் வந்த உத்தரவின்படி, ஒருவருக்கு அனுப்பிய யுபிஐ பணம் கணக்கிலிருந்து கழிந்து அங்கே போய்ச் சேராவிட்டால் மறுநாளுக்குள் திரும்ப வேண்டும். கடைக்குச் செலுத்தியது என்றால் ஐந்து நாள். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அந்த இழப்பீட்டை வாடிக்கையாளர் கேட்கும் வரை காத்திருக்காமல் வங்கியே வரவு வைக்க வேண்டும் என்றும் அதில் எழுதியிருக்கிறது. இந்த ஒரு வரிதான் எங்களுக்கு வேண்டும். 2017 விதிக்கும் இதே வரியைச் சேருங்கள். சைபர் மோசடிக்கான 1930 உதவி எண்ணுக்குச் சொன்ன புகாரையே வங்கிக்குச் சொன்னதாக எடுத்துக்கொண்டு, அந்த நிமிடத்திலிருந்து பத்து நாள் கடிகாரம் ஓடட்டும். புகார் எண்ணும், நேரமும், பணம் திரும்ப வேண்டிய கடைசித் தேதியும் தமிழில் குறுஞ்செய்தியாக வரட்டும். வாடிக்கையாளரின் கவனக்குறைவு என்று வங்கி சொல்வதானால், அதற்கான ஆதாரத்தை எழுத்தில், அவருக்குப் புரியும் மொழியில் தரட்டும். தாமதத்துக்காக எந்த வங்கி எவ்வளவு இழப்பீடு கொடுத்தது என்பதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிசர்வ் வங்கி வெளியிடட்டும்.

அடுத்தது கணக்கு முடக்கம். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்களில் பலருக்கு மின்னணுப் பணத்தின் மேல் பயம் வந்ததே இதனால்தான்.

எங்களில் ஒருவர் பூ வியாபாரி. ஒருநாள் விடியற்காலையில் சந்தையில் பூ எடுத்துவிட்டுப் பணம் அனுப்பப் பார்த்தால் போகவில்லை. வங்கி திறக்கும் வரை காத்திருந்து கேட்டார். அவர் கணக்குக்கு வந்த 80 ரூபாய் ஏதோ மோசடிப் பணத்தின் தொடர்ச்சி என்று வேறு மாநிலத்துக் காவல் நிலையம் ஒன்று சொல்லியிருக்கிறதாம். யாரோ ஒருவரை ஏமாற்றி எடுத்த பணம் கைமாறிக் கைமாறி, கடைசியில் இரண்டு முழம் மல்லிகையாக முடிந்திருக்கிறது. பூ வாங்கியவர் யார் என்று இவருக்கு எப்படித் தெரியும்? முடங்கியது 80 ரூபாய் இல்லை, முழுக் கணக்கு. மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குச் சேர்த்ததும் அதில்தான் இருந்தது. "அந்த ஸ்டேஷனுக்கு மெயில் போடுங்க" என்றார் மேலாளர். மெயிலுக்குப் பதில் வரவில்லை. போனை எடுத்தவர் பேசிய மொழி இவருக்குப் புரியவில்லை. அந்த நாட்களில் அவர் மூலதனத்துக்குத் தண்டல்காரரிடம் போனார்.

முடக்கவே கூடாது என்று நாங்கள் கேட்கவில்லை. ஏமாந்தவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் 1930க்குச் சொல்லி, போகிற வழியில் பணத்தைப் பிடித்தால்தான் மீட்க முடியும் என்பதும் தெரியும். ஆனால் சந்தேகம் 80 ரூபாயில் என்றால் பிடிக்க வேண்டியதும் 80 ரூபாய்தான். முழுக் கணக்கையும் முடக்குவதைக் கேரள உயர் நீதிமன்றம் 2023இலேயே ஏற்கவில்லை. 2024இல் சென்னை உயர் நீதிமன்றமும், ஏறத்தாழ இரண்டரை லட்சம் ரூபாய் சந்தேகத்துக்குரியதாக இருந்த ஒரு வழக்கில், அந்தத் தொகையை மட்டும் நிறுத்திவைத்துக் கணக்கை இயக்க விடும்படி உத்தரவிட்டது. காவல்துறை கணக்கை முடக்கப் பயன்படுத்துவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102ஆவது பிரிவு, 2024 ஜூலை முதல் புதிய சட்டத்தின் 106ஆவது பிரிவு. இரண்டுமே கைப்பற்றியதை உடனே நீதித்துறை நடுவருக்குத் தெரிவிக்கச் சொல்கின்றன. உயர் நீதிமன்றத்துக்குப் போக வழக்கறிஞரும் பணமும் உள்ளவருக்குக் கிடைக்கும் நியாயம் பூக்காரருக்கும் கிடைக்க வேண்டும்.

ஆகவே கேட்கிறோம். பிடித்துவைப்பது குறிப்பிட்ட தொகையை மட்டுமே, மீதி அன்றைக்கே புழங்க வேண்டும். எந்தக் காவல் நிலையம், என்ன புகார் எண், எவ்வளவு தொகை, யாரைக் கேட்பது என்ற நான்கும் முடக்கிய அன்றே தமிழில் குறுஞ்செய்தியாக வர வேண்டும். வேறு மாநில வழக்காக இருந்தாலும், நம் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலேயே பில்லையும் அடையாள அட்டையையும் காட்டி விளக்கம் கொடுக்க வழி வேண்டும். அவர்கள் அதை அங்கே அனுப்பிப் பதில் வாங்கித் தர வேண்டும். 30 நாளுக்குள் நடுவரின் உத்தரவு வராவிட்டால் பிடித்த தொகை தானாக விடுபட வேண்டும். இதில் எதற்கும் நாங்கள் மனு எழுதிக்கொண்டு அலையும்படி வைக்காதீர்கள்.

இனி லோன் ஆப். 2021 தொடக்கத்தில் ரிசர்வ் வங்கி அமைத்த பணிக்குழு, இந்தியர்களின் ஆண்ட்ராய்டு போன்களுக்குக் கிடைத்த சுமார் 1,100 கடன் செயலிகளைக் கண்டது. அதில் 600 சட்டத்துக்குப் புறம்பானவை. ஐயாயிரம் கேட்டவர் கையில் மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து, ஏழாம் நாள் ஐயாயிரத்தையும் திருப்பிக் கேட்பார்கள். கட்டத் தவறினால் போனிலிருந்து உருவிய எண்களுக்கெல்லாம் அழைப்பு போகும். நாத்தனாருக்கும், மகனின் வாத்தியாருக்கும், வேலை பார்க்கும் வீட்டம்மாவுக்கும். படத்தை அசிங்கமாக மாற்றி அனுப்பியதில் எங்கள் தெருக்களில் பெண்கள் வெளியே வராமல் கிடந்திருக்கிறார்கள். மீட்டர் வட்டிக்காரன் வீட்டு வாசலில் நின்றுதான் கத்துவான். இவர்கள் போனுக்குள்ளேயே வந்துவிட்டார்கள்.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி விதி போட்டது: கடன் பணம் நேராகக் கடன் வாங்குபவர் கணக்குக்குப் போக வேண்டும், போனில் உள்ள தொடர்பு எண்களையும் படங்களையும் தொடக் கூடாது, வேண்டாம் என்று தோன்றினால் அபராதம் இல்லாமல் திருப்பிக் கொடுக்க அவகாசம் வேண்டும். 2025 மே மாதத்து உத்தரவு இவற்றை ஒன்றாக்கியதோடு, கடன் கொடுக்கும் நிறுவனங்கள் தங்கள் செயலிகளின் பட்டியலைத் தர வேண்டும், அதை ரிசர்வ் வங்கித் தளத்தில் வைக்க வேண்டும் என்றது. வட்டியும் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் என்று சொல்லும் விவரத்தாள், கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் 2024 அக்டோபர் முதல் விதி.

நல்ல விதிகள். இருந்தும் எங்கள் போன்களில் வருவது ஆங்கிலத்தில் நீண்டு போகும் பக்கங்கள், கடைசியில் பச்சை நிறத்தில் ஒரு பொத்தான். புரியும் மொழி எது என்று தீர்மானிப்பது கடன் கொடுப்பவராக இருக்கக் கூடாது. முதல் திரையிலேயே மொழியைக் கேளுங்கள். கைக்கு வருவது எவ்வளவு, கட்ட வேண்டியது எவ்வளவு, எந்தத் தேதி என்ற மூன்றும் பெரிய எழுத்தில் தமிழில் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு அதுவே குரலாகச் சொல்லட்டும். கடனை ரத்து செய்யும் பொத்தான், கடன் வாங்கும் பொத்தானின் அளவிலேயே, பக்கத்திலேயே இருக்கட்டும். ரிசர்வ் வங்கித் தளத்துப் பட்டியல் நிறுவனங்கள் சொன்னதை அப்படியே போட்ட பட்டியலாக உள்ளது. அதை ரிசர்வ் வங்கியே சரிபார்த்துப் பொறுப்பேற்க வேண்டும். இணையதளத்தில் தேடத் தெரியாதவர்கள், செயலியின் பெயரை ஓர் எண்ணுக்கு அனுப்பினால் 'உண்டு' அல்லது 'இல்லை' என்று பதில் வர வேண்டும்.

தமிழ்நாடு அரசிடமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே இருந்தது. அப்படியிருந்தும் 2017 அக்டோபரில் மனுக் கொடுத்து அலைந்த ஒரு குடும்பம் நெல்லை ஆட்சியர் அலுவலக வாசலில் தீக்குளித்தது. கடன் வசூலில் வற்புறுத்தலைத் தடுக்கும் புதிய சட்டம் 2025இல் வந்திருக்கிறது. செயலி வழிக் கடனும் அதில் அடக்கம். சிறைத் தண்டனையும் உண்டு. இந்தச் சட்டம் நடக்க வேண்டிய இடம் காவல் நிலைய மேசை. "குடும்பப் பிரச்சினை, கடனைக் கட்டிட்டுப் போம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்பாமல், வந்த அழைப்புகளையும் படங்களையும் ஆதாரமாக எடுத்துக்கொண்டு வழக்குப் பதிய வேண்டும். பெண் காவலர் ஒருவர் அதைக் கேட்டு எழுத வேண்டும்.

வரவைப் பற்றி ஒன்று. 2025 ஜூலையில் பெங்களூரில் யுபிஐ வரவைக் கணக்கெடுத்துச் சிறு கடைக்காரர்களுக்கு ஜிஎஸ்டி நோட்டீஸ் போனது. கடைகள் அட்டையைக் கழற்றிவிட்டு 'ரொக்கம் மட்டும்' என்று எழுதி ஒட்டின. எங்கள் கணக்கில் சீட்டுப் பணமும் வரும், மச்சான் அனுப்பும் கல்யாணச் செலவும் வரும். பால், காய்கறிக்கு வரியே கிடையாது. யுபிஐ வரவை மட்டும் வைத்து யாருக்கும் நோட்டீஸ் அனுப்பாதீர்கள்.

வங்கியில் அடையாளம் சரிபார்ப்பதைப் பற்றியும் ஒன்று. சித்தாள் வேலையும் பாத்திரம் தேய்ப்பதும் விரல் ரேகையை அழித்துவிடுகின்றன. கண் சிமிட்டினால்தான் கேமரா ஏற்கும் என்றால் பார்வையற்றவர் என்ன செய்வார்? மின்னணுச் சேவையை அடைவதும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று சொல்லிவிட்டது. ஒவ்வொரு கிளையிலும், ரேகை ஏற்காதவருக்கு ஆளைப் பார்த்து, தாளைப் பார்த்து முடித்துக்கொடுக்கும் வழி இருக்க வேண்டும்.

கடன் உண்டா இல்லையா என்பதை இப்போது இயந்திரமே சொல்கிறது. நிதித் துறையில் செயற்கை நுண்ணறிவு குறித்து ரிசர்வ் வங்கி அமைத்த குழு 2025 ஆகஸ்டில் 26 பரிந்துரைகள் கொடுத்தது. அவை விதியாகும்போது இரண்டைச் சேருங்கள்: மறுத்த காரணத்தைத் தமிழில் சொல்ல வேண்டும், மேல்முறையீட்டை மனிதர் ஒருவர் கேட்க வேண்டும்.

தனிநபர் தரவுச் சட்டம் 2023இல் வந்தது. எட்டாவது அட்டவணை மொழி எதிலும் அறிவிப்பைப் பெறும் உரிமை அதில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின, முழுமையாக நடக்கப் பதினெட்டு மாதம் அவகாசம். கடன் செயலிகளுக்கும் பணம் செலுத்தும் செயலிகளுக்கும் அந்த அவகாசம் வேண்டாம். தமிழ் அறிவிப்பு இப்போதே வரட்டும்.

கடைசியாக, விதி எழுதும் இடத்தில் எங்களுக்கு இடம் வேண்டும். 2021இல் டிஜிட்டல் கடனை ஆராய்ந்த பணிக்குழுவில் ரிசர்வ் வங்கி அதிகாரிகள் இருந்தார்கள், நிதிநுட்பத் துறையிலிருந்து ஒருவர் இருந்தார், இணையப் பாதுகாப்பு வல்லுநர் இருந்தார். கடன் வாங்கி அவமானப்பட்டவர் ஒருவரும் இல்லை. இனி அமைக்கும் ஒவ்வொரு குழுவிலும் கடன் வாங்கியவர் ஒருவரும் சிறு வணிகர் ஒருவரும் இருக்க வேண்டும். வரைவு விதியைத் தமிழிலும் வெளியிட்டு, 60 நாள் அவகாசம் கொடுத்து, மாவட்டத் தலைநகரங்களில் நேரில் கருத்துக் கேட்க வேண்டும். மின்னஞ்சல் இல்லாதவரின் அஞ்சலட்டையையும் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

இந்தச் சாசனம் கிடைத்த 90 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறோம். எந்தக் கோரிக்கையை எந்தத் தேதிக்குள் நிறைவேற்றுவீர்கள், எதை முடியாது என்கிறீர்கள், ஏன் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக, தமிழில் எழுதி அனுப்புங்கள். வந்த பதிலைச் சந்தைகளிலும் குழுக் கூட்டங்களிலும் ஆட்டோ நிறுத்தங்களிலும் படித்துக் காட்டுவோம்.