அடிக்கும் கைக்கே காணிப் பத்திரமா?

உருத்திரபுரத்தின் எட்டாம் வாய்க்காலிலும் பத்தாம் வாய்க்காலிலும் இரணைமடுக் குளத்து நீர் பாய்கின்றது. அந்நீர் பாயும் வயலிலே குனிந்து களை பிடுங்குபவள் பெண். விடியுமுன் மாடு கறப்பவளும் அவளே. ஆனால், நெல் விற்ற பணம் எவர் கைக்குப் போகின்றது? காணிப் பத்திரம் எவர் பெயரில் உளதோ அவர் கைக்கு! அந்தக் கையே இரவில் அவள்மீது ஓங்கப்படுமாயின், அவள் எங்கே போவாள்?

இஃது எங்கோ ஒரு வீட்டின் கதையன்று. 2019ஆம் ஆண்டில் தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் நாடளாவிய ஆய்வொன்றை நடத்தியது. கணவனோடு அல்லது துணைவனோடு வாழ்ந்த பெண்களுள் ஐவரில் ஒருவர் அவனது உடல் வன்முறைக்கோ பாலியல் வன்முறைக்கோ தம் வாழ்நாளில் ஆளானவர் என்பது அதன் முடிவு. குடி ஒன்றே காரணமென்று கூறித் தப்பிக்கொள்ள இயலாது. குடியாதவனும் அடிக்கின்றான், அடிபட்டவள் போக்கிடமற்றவள் என்பதை அறிந்தே அடிக்கின்றான்.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தை நாம் பழிக்கவில்லை. அடிபட்டவள் தானாகவோ, அவள் பொருட்டுப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவரோ நீதவான் நீதிமன்றத்தை நாடலாம். கணவன் வீட்டினுள் நுழைவதைத் தடுக்கவும், குடியிருக்கும் வீட்டை அவன் விற்பதைத் தடுக்கவும், அவசரப் பணவுதவி செய்யுமாறு பணிக்கவும் நீதவானுக்கு அதிகாரமுண்டு. கட்டளையை மீறியவனுக்கு ஓராண்டு வரை சிறையும் உண்டு.

ஆயின், பாதுகாப்புக் கட்டளையின் ஆயுள் 12 மாதங்களுக்கு மேற்படாது. கமக்காரனின் கணக்கில் அது ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும்! “கட்டளை முடிஞ்சா அடுத்த போகத்துக்கு நான் எங்க போறது, ஐயா?” என்று எம் முன்னே அமர்ந்து கேட்கும் பெண்ணுக்கு எந்தச் சட்டத்தரணி விடை சொல்வார்? சட்டம் வீட்டைக் குறிக்கின்றது, வயலைக் குறிக்கவில்லை. உழைத்த பணத்தைப் பறித்துப் பட்டினி போடும் கொடுமையைத் தனியொரு வன்முறையாகப் பெயர் சொல்லவுமில்லை.

1999ஆம் ஆண்டின் சட்டப்படி தாபரிப்புக் கேட்கலாமே என்பர் சிலர். மாதச் சம்பளமில்லாத கமக்காரன், “எனக்கு வருமானமில்லை” என்று கூண்டில் நின்று சொன்னால், அதை மறுத்து நிறுவ அவளிடம் என்ன சான்று உண்டு? நெல் விற்ற பற்றுச்சீட்டும் அவன் பெயரில். வங்கிப் புத்தகமும் அவன் பெயரில்!

நோயின் வேர் காணியிலே உளது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம் குடியேற்றக் காணியின் பின்னுரிமையில் மகளுக்கு முன்னே மகனை நிறுத்தியது. அவ்வநீதியைத் திருத்த 2022 வரை, 87 ஆண்டுகள் சென்றன! திருத்தம் வந்ததை வரவேற்கின்றோம். ஆனால் அது பின்னுரிமையைப் பற்றியது. கணவன் மாண்டால் மனைவிக்கு அக்காணியில் உரிமையுண்டு. கணவன் உயிரோடிருந்து அடித்தால், அவன் பெயரிலுள்ள பத்திரத்தில் அவளுக்கு என்ன உண்டு? தாலி இருக்கும்வரை காணியில்லை என்பது என்ன நீதி?

“எமது தேசவழமை பெண்ணுக்குச் சீதனம் தந்ததே” என்று பெருமை பேசுவோரும் உளர். தந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், முதுசக் கட்டளைச் சட்டம் என்ன கூறுகின்றது? மனைவி தன் சொந்தக் காணியைத் தன் வாழ்நாளில் விற்கவோ ஈடு வைக்கவோ கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும். அவன் மறுத்தால் அவள் மாவட்ட நீதிமன்றப் படியேற வேண்டும். அடிப்பவனிடமே கையொப்பம் கேட்டு நிற்கச் செய்யும் உரிமை, உரிமையா?

தமிழ்ப் பெருமக்களே! 1957ஆம் ஆண்டின் பண்டாரநாயக்கா – செல்வநாயகம் ஒப்பந்தத்திலே, எமது பகுதிக் குடியேற்றக் காணிகளுக்கு உரியோரைத் தெரியும் அதிகாரம் பிரதேச சபைகளுக்கே உரியதென எழுதுவித்தோம். அவ்வொப்பந்தம் கிழித்தெறியப்பட்டபோது கொதித்தெழுந்தோம். எம் காணி எம் கையில் இருக்கவேண்டும் என்பதே அன்றும் இன்றும் எமது முழக்கம். அந்த ‘எம்’ என்ற சொல்லுக்குள் எம் வீட்டுப் பெண் அடங்குவாளா, மாட்டாளா? 1929இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டது. 60 ஆண்டுகள் கழித்து, 1989இல், தமிழகம் குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு தரச் சட்டம் செய்தது. நாம் இன்னும் எத்தனை ஆண்டுகள் காத்திருப்பது?

பெண் பெயரில் காணி எழுதினால் குடும்பம் சிதையும் என்கின்றனர். அச்சத்தினால் மட்டுமே ஒட்டியிருக்கும் குடும்பம் முன்னரே சிதைந்த குடும்பம். போக வழியிருந்தும் தங்குபவளே மனைவி. வழியின்றித் தங்குபவள் சிறையாள்.

ஆகவே கேட்கின்றோம்: புதிதாக வழங்கப்படும் ஒவ்வொரு காணிப் பத்திரமும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படல் வேண்டும். பாதுகாப்புக் கட்டளை வயலுக்கும் விளைச்சலுக்கும் விரிய வேண்டும். 1911இன் சம்மத விதி நீக்கப்படல் வேண்டும்.

இவை பாராளுமன்றத்தின் வேலை. எமது வேலையோ இன்றே தொடங்கலாம். கமக்கார அமைப்பில் உழைக்கும் மனைவியையும் அங்கத்தவராகச் சேர்ப்பதை யார் தடுத்தார்? பால் விற்ற பணத்தைக் கறந்தவளின் வங்கிக் கணக்கில் இடுவதற்கு எந்தச் சட்டம் வேண்டும்? அடிபட்டு வந்தவளை, “பொறுத்துப் போ, பிள்ளை” என்று திருப்பியனுப்பாமல், சட்ட உதவி ஆணைக்குழுவுக்கு அழைத்துச் செல்லக் கட்சித் தொண்டருக்கு என்ன தடை?

வாய்க்கால் நீர் ஆணின் வயல், பெண்ணின் வயல் என்று பார்த்துப் பாய்வதில்லை. பத்திரம் மட்டும் பார்க்கலாமா?