தாமானுக்கு எதற்கு ஹாலோவீன்?

2024-இல் தீபாவளியும் ஹாலோவீனும் அக்டோபர் 31 என்ற ஒரே நாளில் வந்தன. துணிக்கடைகளுக்குப் பேர்போன தங்காக்கில் ஒரு தாமான் (குடியிருப்பு) இரண்டில் எதற்குக் கூடுவது என்றால், என் ஓட்டு தீபாவளிக்கே. பிள்ளைகள் பேய் வேடமிட்டு வீடுவீடாக மிட்டாய் வாங்குவதில் குற்றமில்லை. ஆனால் தாமான் விருந்துக்குத் தாமானே வர வேண்டும். ஹாலோவீன் இஸ்லாமிய நெறிக்குப் புறம்பானது என்பது மலேசியாவின் தேசிய ஃபத்வா மன்றத்தின் நிலைப்பாடு. 2014-லேயே அது செய்தியானது. பக்கத்து வீட்டு மலாய்ப் பிள்ளை எப்படி வரும்? தீபாவளித் திறந்த இல்ல உபசரிப்பில், சமையல் ஹலாலாக இருந்தால் அதே பிள்ளை முறுக்கைக் கடித்தபடி அங்பாவ் உறையைப் பிரித்துப் பார்க்கும்.

வெறும் விளையாட்டுதானே என்பார்கள். பேய் விளையாட்டுதான் வேண்டுமென்றால், பேய்க்கும் இங்கே பஞ்சமில்லை. சீனர்களின் ஏழாம் மாத மேடை நிகழ்ச்சிகளில் முன்வரிசை நாற்காலிகளே ஆவிகளுக்குத்தான். தீபாவளி உபசரிப்பில் பிள்ளைகளுக்கு வேலையே இல்லை என்ற குறை மட்டும் நியாயமானது. அவர்கள் நரகாசுரன் வேடம் கட்டட்டுமே, யார் தடுத்தது?