வேலைக்கும் வேண்டும் மருத்துவப் பரிசோதனை

நாற்பது வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கு ஆண்டுதோறும் இலவச மருத்துவப் பரிசோதனை. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளையொட்டி மத்திய அரசு அளித்திருக்கும் வாக்குறுதிகளில் இதுவும் ஒன்று. வரவேற்க வேண்டிய ஏற்பாடுதான். ஆனால், நோய்க்குக் காரணம் வேலையே என்று தெரியவந்தால் யார் பொறுப்பேற்பது? கர்நாடகத்தின் கோலார் தங்கவயலின் வரலாறு இந்தக் கேள்வியைத் தவிர்க்க விடாது.

1880இல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் இங்கே கால்பதித்த பிறகு, வட ஆர்க்காடு உள்ளிட்ட பகுதிகளிலிருந்து தமிழர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கி.மீ. ஆழத்தையும் தாண்டியது. அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்கு மேல். பாறை வெடித்துச் சிதறும் ‘ஏர் பிளாஸ்ட்’ எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. இவற்றைவிட அதிகம் பேரைப் பிடித்தது, துளையிடும்போது கிளம்பிய சிலிக்கா தூசு.

1940 முதல் 1946 வரை இங்கே 7,653 தொழிலாளர்கள் பரிசோதிக்கப்பட்டனர். அவர்களில் 40 சதவீதத்துக்கும் மேற்பட்டோருக்கு சிலிக்கோசிஸ். நுண்ணிய தூசு நுரையீரலில் தங்கி, அதைத் தழும்பேறச் செய்து, மூச்சைச் சுருக்கும் நோய் இது. குணப்படுத்த மருந்து இல்லை. காசநோய் எளிதில் சேர்ந்துகொள்ளும். வேலையை விட்ட பிறகும் நோய் முற்றிக்கொண்டே போகும்.

தங்கவயலில் பெரிய மருத்துவமனை இருந்தது; விளையாட்டு மைதானங்களும் இருந்தன. அவற்றின் அருமையை மறுக்க முடியாது. ஆனால், எந்த உடற்பயிற்சியும் நுரையீரலில் படிந்த சிலிக்காவை வெளியேற்றாது. நீர் பாய்ச்சித் துளையிடுவது, காற்றோட்டம், தூசின் அளவைக் கண்காணிப்பது என வேலைமுறையை மாற்றுவதே தடுக்கும் வழி.

மற்ற வேலைகளுக்கும் இது பொருந்தும். அமெரிக்காவின் பிஜேஸ் விற்பனையகங்களில் ஏறத்தாழ 33,000 ஊழியர்களை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2019இல் வெளியானது. உடல்நலத் திட்டம் அமலான கிளைகளில் 18 மாதங்களுக்குப் பிறகும் ரத்த அழுத்தத்திலோ, கொழுப்பிலோ, மருத்துவச் செலவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. பணிநேரத்தையும் பணிச்சுமையையும் தொடாமல் ஊழியரை மட்டும் திருத்த முனைந்தால் பலன் சொற்பம்தான்.

2001 பிப்ரவரி 28 அன்று, தங்கவயல் சுரங்கங்களை நடத்திவந்த பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனம் மூடப்பட்டது. மருத்துவமனையும் முடங்கியது; 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போதுதான் அதைச் சுத்தப்படுத்தித் திறந்தார்கள். சுரங்கத் தூசை உள்ளே வாங்கியவர்களுக்கு மிக அதிகமாகத் தேவைப்பட்ட முதுமைக் காலத்தில் அது பூட்டிக்கிடந்தது.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்க நிறுவனங்களை முன்னாள் தொழிலாளர்கள் நீதிமன்றத்துக்கு இழுத்தார்கள். 2019இல் நீதிமன்றம் ஏற்ற சமரசத்தின்படி, 1965 மார்ச் முதல் வேலை பார்த்தவர்கள் இழப்பீடு கோர முடிந்தது. அதே ஆண்டு, சிலிக்கோசிஸ் நோயாளிகளுக்கு நிவாரணமும் ஓய்வூதியமும் தரும் கொள்கையை ராஜஸ்தான் அறிவித்தது. கர்நாடகத்தால் முடியாதா?

இன்று தங்கவயலின் இளைஞர்கள் விடியும் முன்பே மாரிக்குப்பத்தில் ரயிலேறி பெங்களூருவுக்கு வேலைக்குப் போகிறார்கள். ஐ.டி. வளாகத்தில் நிரந்தர ஊழியருக்கு ஜிம் உண்டு. வாசலில் பன்னிரண்டு மணி நேரம் நிற்கும் ஒப்பந்தக் காவலாளிக்கு உட்கார நாற்காலிகூட இருப்பதில்லை. உடல்நலத் திட்டம் முதலில் சென்றடைய வேண்டியது அவரைத்தான்.

ஆகவே, பரிசோதனை அறிக்கையில் தொழிலாளி செய்த வேலையும், அவர் எதிர்கொண்ட தூசு, வெப்பம், பணிநேரமும் பதிவாக வேண்டும். அதன் நகல் அவர் கையில் இருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறினாலும் நிறுவனமே மூடினாலும் சிகிச்சைக்கான நிதி தொடர வேண்டும்.

இதைத் தொடங்க தங்கவயலிலேயே வாய்ப்பு இருக்கிறது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய கழிவு மண் இங்குள்ள 13 ‘சயனைடு மேடு’களில் ஏறத்தாழ 3.3 கோடி டன் கிடக்கிறது. எஞ்சிய தங்கத்துக்காக அவற்றை ஏலம்விடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை இசைந்தது. அந்த மண்ணைக் கிளறினால் தூசு மீண்டும் எழும். தூசுக் கண்காணிப்பும், தொழிலாளர்களுக்கும் சுற்றியுள்ள குடும்பங்களுக்கும் வாழ்நாள் மருத்துவப் பொறுப்பும் ஏல நிபந்தனையிலேயே எழுதப்பட வேண்டும். அதற்கு ஒப்பாத எவருக்கும் ஒரு கைப்பிடி மண்கூடக் கொடுக்கக் கூடாது.